மேடையில் யமுனை, வெளியே வறட்சி

இராயலசீமையிலே மழை பொய்த்துவிட்டது. பாளம் பாளமாக வெடித்த நிலம். தகரக் குவளையும் கையுமாகத் தண்ணீருக்கு வரிசையிலே நிற்கும் மக்கள். அவர்தம் துயர் துடைக்க நிதி திரட்ட வேண்டுமென்று 1952ஆம் ஆண்டில் ஒரு நடன அரங்கேற்றம் நடைபெறுகிறது. ஆடுபவர் இருபது வயதைத் தாண்டிச் சில ஆண்டுகளே ஆன நங்கை. ஆடுவது எதை? ஆயர்குல மங்கையர் யமுனை ஆற்றிலே நீராடி மகிழும் காட்சியை! அள்ளி வீசுகிறார் தண்ணீரை, அபிநயத்தால். அலை புரள்கிறது, விரல் நுனியிலே. அந்த வேளையிலேதான் அவருடைய நெஞ்சிலே அந்த வெடித்த நிலத்தின் படம் வந்து நின்றது. கை யமுனையிலே, கருத்து இராயலசீமையிலே! ஒரு நொடி, தாம் இரு கூறாகப் பிளந்து நின்றதைப் பிற்காலத்திலே அவர் பலமுறை நினைவுகூர்ந்திருக்கிறார்.

அவர் பெயர் சந்திரலேகா. பெயரைக் கேட்டதும், தோழர்களே, உங்களிலே வயதானவர்களுக்கு முரசுகளின் மீது ஏறி மங்கையர் ஆடிய அந்த மாபெரும் திரைப்படம் நினைவுக்கு வரும். நான் சொல்வது அதுவன்று. ஆனால் ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. ஜெமினி படப்பிடிப்பு நிலையத்திலே வாசனின் ‘சந்திரலேகா’ உருவாகி 1948இல் வெளிவந்தது. அதே ஆண்டிலே, அதே நிலையத்திலே எடுக்கப்பட்டு வெளிவந்த மற்றொரு படம், உதயசங்கரின் ‘கல்பனா’. பழைய நடனத்தைப் புதிய பொருளுக்கு வளைக்க முடியும் என்று காட்ட முனைந்த படம் அது. ஒன்று ஊரெல்லாம் ஓடிற்று. மற்றொன்றை இன்று ஆய்வாளர்கள் தேடிப் பார்க்கிறார்கள். தற்கால நடனம் என்று இன்று பேசப்படுகிறதே, அதன் விதைகளிலே ஒன்று நம் சென்னை மண்ணிலேயே விழுந்தது என்பதற்காகச் சொன்னேன்.

மேடைச் சந்திரலேகாவுக்கு வருவோம். மராட்டியத்திலே பிறந்து, சென்னைக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்பப் பிள்ளையிடம் பரதம் பயின்றவர். நட்டுவனார் மரபிலே வந்த ஆசானிடம் பாடம் கேட்டவர். அந்த யமுனைக் காட்சிக்குப் பின்னர், சில ஆண்டுகள் ஆடினார். பிறகு மேடையைவிட்டு விலகினார். ஓய்வெடுக்கவா? இல்லை. எழுதினார். சுவரொட்டி வரைந்தார். பெண்ணுரிமைக் கூட்டங்களுக்கு உழைத்தார். கலையும் வாழ்வும் ஒன்றையொன்று முகம் பார்க்காமல் இருப்பது எப்படி என்ற கேள்வி அவரை விடவில்லை.

1984இல் பம்பாயிலே கிழக்கு மேற்கு நடனச் சந்திப்பு ஒன்று நடந்தது. அதிலேதான் அவர் மீண்டும் மேடைக்கு வந்தார். அதை முன்னின்று கூட்டியது மாக்ஸ்முல்லர் பவன், செருமானிய நாட்டுப் பண்பாட்டு நிறுவனம். நம் ஊரிலே வாழ்ந்த கலைஞரை மறுபடி ஆட அழைக்க அந்நிய நாட்டு நிறுவனம் வரவேண்டியிருந்தது என்பதைச் சற்று நேரம் மனத்திலே வைத்துக்கொள்ளுங்கள். பிறகு அதற்கு வருகிறேன்.

அடுத்த ஆண்டு, 1985இல், ‘அங்கிகா’. பரதம் ஆடுவோரும் களரிப்பயிற்று வீரர்களும் ஒரே மேடையிலே நின்றார்கள். அதிலே ஆண்டவன் வரவில்லை. அரசன் வரவில்லை. வராத தலைவனை எண்ணி, வாடி, வதங்கி, தோழியைத் தூதனுப்பும் தலைவியும் வரவில்லை. வந்தது உடல்! உழைக்கும் உடல், தாக்கும் உடல், தற்காக்கும் உடல், விலங்கினது நடையையும் வீரனது அடியையும் தன்னுள்ளே வைத்திருக்கும் மனித உடல். பாவாடை நுனியிலே பக்தியை முடிந்துகொண்டுதான் பெண் மேடையேற வேண்டும் என்ற விதி அன்றைக்கு உடைந்தது. ஓசையில்லாமல் உடைந்தது. பகுத்தறிவு பேசிய நாம்கூட அந்த ஓசையின்மையால் அதைக் கவனிக்காது விட்டுவிட்டோம்.

1989இல் ‘லீலாவதி’. பன்னிரண்டாம் நூற்றாண்டுக் கணித நூலிலே தேனீக்களையும் அன்னங்களையும் வைத்துப் போடப்பட்ட கணக்குப் புதிர்களை ஆடிக் காட்டினார்கள். கணக்கை ஆட முடியுமா என்று கேட்டால், தாளம் என்பதே கணக்குத்தானே! 1991இல் ‘ஸ்ரீ’. முதுகு வளைந்த பெண்கள், நிமிர இடமின்றி மேடையிலே நகர்ந்து, நகர்ந்து, பின்னர் மெல்லமெல்ல முதுகெலும்பைக் கண்டெடுத்து நிமிரும் ஆட்டம். 2001இல் ‘ஷரீரா’. 2006 டிசம்பரிலே அவர் மறைந்தார்.

பெயர்களைப் படித்ததும் உங்களிலே சிலர் முகம் சுளிப்பது எனக்குத் தெரிகிறது. எனக்கும் உறுத்தத்தான் செய்கிறது. ‘உடல்’ என்று ஒரு சொல் நம்மிடம் இல்லையா? மூன்றே எழுத்து, மூச்சுப்போல எளிய சொல்! ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துவிட்டு வீட்டுக்குள் நுழையாமலே திரும்புபவன், உள்ளே நடப்பது தன் தாயின் கதை என்பதை அறியமாட்டான். நான் அப்படித் திரும்பிய ஆள். இருபது வயதிலே, கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு நாடகக் கொட்டகையே கதியென்று கிடந்த நாளிலே, ஒரு நண்பன் இத்தகைய ஆட்டத்துக்கு அழைத்தபோது, “வசனமில்லாத மேடையிலே எனக்கென்ன வேலை?” என்று வாய்வீச்சாகப் பேசி அனுப்பியவன் நான்.

சில திங்களுக்கு முன்புதான் போனேன். சென்னையிலே ஒரு சிற்றரங்கு. தென்னாட்டுத் தற்கால நடனக் குழுக்களையும் நடன அமைப்பாளர்களையும் வரிசையாக மேடையேற்றிக் காட்டும் ஒருநாள் நிகழ்ச்சி. குழுவுக்கு இருபது நிமிடம். முன்வரிசையிலே விழாக் குழுவினர், அரங்க உரிமையாளர்கள், அயல்நாட்டிலிருந்து வந்த இருவர். பிடித்த குழுவை அவர்கள் தத்தம் விழாவுக்கு அழைப்பார்கள். பிடிக்காத குழு பெட்டியைக் கட்டும். நாடகக் குழுக்கள் சபாச் செயலாளர்களுக்கு முன்னோட்டம் காட்டிவிட்டு, காப்பி குடிக்கும் அவர்களது முகத்தையே பார்த்து நிற்குமே, அதே கதைதான்.

என்னுடன் வந்தவர் டெல்டாப் பகுதியைச் சேர்ந்த ஒன்றியச் செயலாளர், எனக்கு அண்ணன் முறை. கட்சி வேலையாகச் சென்னை வந்தவரை, மாலைப் பொழுது வீணாக வேண்டாம் என்று அழைத்துப் போயிருந்தேன். முதல் இரு ஆட்டங்களிலே அவர் கொட்டாவி விட்டார். மூன்றாவதிலே கடிகாரம் பார்த்தார். “பாட்டும் இல்லை, கதையும் இல்லை, பல்லைப் பார்த்து மாடு பிடிக்கிற சந்தை மாதிரியல்லவா இருக்கிறது தம்பி” என்று காதோரம் முணுமுணுத்தார். எனக்குச் சங்கடம்.

நான்காவதாக ஒரு பெண் வந்தாள். இசை இல்லை. காலடி ஓசைதான். இடுப்பை ஒடித்துக் குனிந்தாள். அப்படியே பின்னோக்கி நகர்ந்தாள். ஓரடி. ஓரடி. கை தரையைத் தொடும், விலகும், தொடும். பத்து நிமிடம் அவள் நிமிரவேயில்லை. பிறகு நிமிர முயன்றாள், முதுகு வரவில்லை. கையை இடுப்பிலே ஊன்றி, ஒரு பக்கம் சாய்ந்து, மெதுவாக, மெதுவாக...

அண்ணன் என் முழங்கையை இறுகப் பிடித்தார். “தம்பி, இது நடவு முடிச்சு வரப்பேறுற பொம்பளையோட இடுப்பு. பின்னால போறா பாரு. நடவு நடுறவ பின்னாலதான் போவா.”

எனக்கு அது தெரியவில்லை, தோழர்களே! ஆயிரம் மேடைகளிலே உழவர் துயரை அடுக்குமொழியிலே அள்ளித் தெளித்த எனக்குத் தெரியவில்லை. சேற்றிலே கால் வைத்த அவருக்குத் தெரிந்தது.

ஆட்டங்கள் முடிந்ததும் கலந்துரையாடல். முற்றிலும் ஆங்கிலத்திலே. வெளி, காலம், ஈர்ப்பு என்றெல்லாம் பேசினார்கள். கையேடும் ஆங்கிலம், அறிவிப்பும் ஆங்கிலம். அண்ணன் எழுந்தார், தமிழிலே கேட்டார்: “அம்மா, நீங்க நடவு நட்டிருக்கீங்களா?” அரங்கிலே ஒரு சங்கடமான அமைதி. நடத்துநர் அதை ஆங்கிலத்திலே பெயர்க்கத் தொடங்குமுன், அந்தப் பெண்ணே ஒலிபெருக்கியை வாங்கினாள். “நான் நட்டதில்லை ஐயா. இது எங்க அம்மாச்சியோட நடை. அவங்க கடைசிவரைக்கும் நிமிரவேயில்லை” என்றாள். அவ்வளவுதான். அதன் பிறகு அந்த அரங்கிலே பத்து நிமிடம் தமிழ் நடந்தது.

அன்றிரவு முழுதும் பேருந்து நிலையத்துத் தேநீர்க் கடையிலே அமர்ந்து நாங்கள் பேசியது இதைப்பற்றித்தான். இந்த ஆட்டம் யாருக்கு உரியது? ஏன் இது நம் ஆட்களுக்கு எட்டாத இடத்திலே நடக்கிறது? குற்றம் ஒரு பக்கம் மட்டுமா?

“இவை மேட்டுக்குடியின் பொழுதுபோக்கு, நமக்கேன்?” என்பார் ஒருவர். நண்பரே, பரதத்தைப்பற்றியும் இப்படித்தான் பேசி இருந்துவிட்டோம். 1931இல் சென்னை மியூசிக் அகாதெமி கல்யாணியின் புதல்வியரை மேடையேற்றியபோது, ஆடிய கால்கள் மரபுவழிக் கலைக்குடும்பத்துக் கால்கள். 1936இல் கலாக்ஷேத்திரம் எழுந்தது. 1947இல் பொட்டுக்கட்டும் கொடுமைக்குச் சட்டம் முற்றுப்புள்ளி வைத்தது. அந்தச் சட்டம் வேண்டும் என்று மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பட்ட பாட்டை நாம் பெருமையோடு பேசுகிறோம், பேச வேண்டும். ஆனால் விலங்கு ஒடிந்த அந்தப் பெண்களின் கையிலே மேடையை யார் கொடுத்தார்கள்? சலங்கை இடம் மாறிற்று. சாதி இடம் மாறிற்று. ஆசான் மட்டும் கொஞ்ச காலம் நட்டுவனாராகவே இருந்தார், பக்கவாட்டிலே அமர்ந்து தட்டுக்கழி தட்ட! விலங்கை ஒடித்த வேகத்திலே மேடையைக் கேட்க மறந்தோம். கலைதானே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தோம். இன்னொரு முறை அப்படி இருக்கப் போகிறோமா என்பதுதான் என் கேள்வி.

ஏனெனில் இந்தப் புதிய ஆட்டம் இன்னும் இறுகிப்போகவில்லை. இதன் கதவு இன்னும் ஒருக்களித்துத்தான் இருக்கிறது. சந்திரலேகாவின் குழுவிலே பத்தாண்டு ஆடிய பத்மினி செட்டூர் 2001இல் ‘ஃப்ரஜிலிட்டி’, 2005இல் ‘பேப்பர்டால்’ எனத் தம் வழியிலே ஆட்டங்களை அமைத்தார். அலங்காரத்தையெல்லாம் உதறி, அசைவு ஒன்றையே எலும்பாக நிறுத்தியவர். ப்ரீத்தி ஆத்ரேயா 2015இலே அமைத்த ஓர் ஆட்டத்திலே முழுக்க முழுக்கக் குதிப்பதுதான் வேலை. ஒரு சதுரத்துக்குள்ளே ஒரு கூட்டம் குதித்துக்கொண்டேயிருக்கும். சிரிக்காதீர்கள். அடுத்தவன் குதிக்கும் வேகத்துக்குத் தன் மூச்சைப் பொருத்தாதவன் அந்தச் சதுரத்திலே நிற்க முடியாது. ஊர்வலத்திலே கூடவே நடந்தவனுக்கு அது விளங்கும்.

இவற்றைத் தாங்க எழுந்த பந்தல்களைப் பாருங்கள். 1998இல் அனிதா ரத்னமும் ரன்வீர் ஷாவும் டிசம்பர்க் கச்சேரிப் பருவத்துக்கு மாற்றாக ‘தி அதர் ஃபெஸ்டிவல்’ என்று ஒன்று தொடங்கினார்கள், ஏறத்தாழப் பத்தாண்டு நடத்தினார்கள், பிறகு நின்றது. பெங்களூரிலே ஜெயச்சந்திரன் பாலாழி, 1992இல் எழுந்த ‘ஆட்டக்களரி’ வழியாக, 2000 முதல் ஈராண்டுக்கொருமுறை விழா எடுத்து, இளம் நடன அமைப்பாளர்களுக்கு மேடை தந்துவந்தார். பெயரைக் கவனித்தீர்களா? ஆட்டம், களரி, நமக்கு அகராதி வேண்டாத பெயர்! சென்னையிலே பிரகிருதி அறக்கட்டளை 2012இல் தற்கால நடனத்துக்கென்றே ஒரு போட்டியும் பரிசும் ஏற்படுத்தியது. எல்லாம் நல்ல முயற்சிகள். எல்லாம் தனியார் தோளிலே தொங்கிய முயற்சிகள். தோள் சலித்தால் தொட்டில் விழும்.

இங்கேதான் நான் மனத்திலே வைக்கச் சொன்ன செருமானிய நிறுவனம் வருகிறது. சோபனா ஜெயசிங் என்றொரு நடன அமைப்பாளர். நம் சென்னையிலே பிறந்தவர். 1988இல் இலண்டனிலே தம் பெயரால் குழு அமைத்தார். பரதத்தின் அடவுகளைப் பிரித்து அடுக்கி இன்றைய நகரத்தின் கதையைப் பேச வைத்தார். அங்கே போர் முடிந்த கையோடு, 1946இல், குண்டு விழுந்த வீடுகளைக் கட்டி முடிக்குமுன்பே, ஆங்கிலேயர் கலைக்கென்று ஒரு மன்றம் அமைத்துப் பொதுப் பணத்தை ஒதுக்கினார்கள். அந்தப் பணம் சோபனாவின் குழுவுக்கும் போயிற்று. நம் அடவை அவர்கள் அரசு வளர்க்கிறது. நாம் அயல்நாட்டு விழாவுக்குப் போய் வந்த பின்னரே நம் ஊர்ப் பெண்ணின் பெயரைத் தெரிந்துகொள்கிறோம்.

சரி, அரசு பணம் தந்தால் போதுமா? போதாது. பட்டியலை யார் எழுதுகிறார் என்பது இருக்கிறதே!

அன்றைய நிகழ்ச்சியிலே ஆறு குழுக்கள். ஆறிலே ஒன்றுகூட மாவட்டத்திலிருந்து வந்ததில்லை. திண்டுக்கல்லிலே சக்தி கலைக்குழு இருக்கிறது. தாழ்த்தப்பட்ட குடியிலே பிறந்த பெண்கள், ஆண்களே அடித்துவந்த பறையை, சாவு வீட்டு வாசலிலே நிறுத்தப்பட்டிருந்த பறையை, தாங்களே கையிலெடுத்து, புதிய அடவு கட்டி, நிமிர்ந்து ஆடுகிறார்கள். இதை எந்தப் பெட்டியிலே போடுகிறார்கள் தெரியுமா? ‘நாட்டுப்புறக் கலை’! வெளிநாட்டிலே பயின்று வந்தவர் குதித்தால் தற்காலம். திண்டுக்கல் பெண் குதித்தால் தொன்மையா? அவள் பாட்டி ஆடாத ஆட்டத்தை அவள் ஆடுகிறாள். பாட்டிக்கு மறுக்கப்பட்ட தோலைத் தட்டுகிறாள். அதைவிடத் தற்காலமானது எது என்று எனக்கு யாராவது சொல்லட்டும்.

இதனால் சென்னை மேடையிலே ஆடுவோரைப் பகைக்கச் சொல்லவில்லை. அவர்களிலே பலர் வாடகை அறையிலே பயிற்சி செய்து, வேறு வேலை பார்த்துப் பிழைப்பவர்கள். அவர்களுக்கும் திண்டுக்கல்லுக்கும் நடுவிலே நிற்கும் சுவரைத்தான் சொல்கிறேன். அந்தச் சுவரிலே ஆங்கிலக் கையேடு ஒரு செங்கல். நமது அலட்சியம் மற்றொரு செங்கல்.

நாடகக்காரனாக எனக்கொரு பொறாமையும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நாடகமென்றால் கையெழுத்துப் பிரதியைக் காவல்துறையிடம் காட்டி அனுமதி பெறவேண்டும். 2013இலேதான் உயர்நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்றது. எத்தனை நாடகங்களிலே எத்தனை வரிகள் சிவப்பு மையிலே சிந்தின! ஆனால் முதுகு வளைந்த ஒரு பெண் பத்து நிமிடம் பின்னோக்கி நடப்பதை எந்தத் தாளிலே எழுதி, எந்த அதிகாரியிடம் காட்டுவது? எதை அடிப்பார் அவர்? சொல்லுக்கு வாயில்காப்போன் உண்டு, முதுகெலும்புக்கு இல்லை. இந்த வலிமையை நாம் பயன்படுத்தாமல் விட்டதை எண்ணினால் எனக்கு வெட்கமாயிருக்கிறது.

நம் கையிலே ஒரு மேடை ஆயத்தமாகவே இருக்கிறது. 2007இல் தொடங்கிய சென்னை சங்கமம் பறையையும் கரகத்தையும் ஒயிலையும் பூங்காவுக்குக் கொண்டுவந்தது. இடையிலே பல ஆண்டு நின்று, 2023இல் மீண்டும் எழுந்தது. காசில்லாமல், கதவில்லாமல், குழந்தையைத் தோளிலே வைத்துக்கொண்டு மக்கள் பார்க்கும் மேடை அது. அதிலே மூன்று மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். பத்மினியின் வழியிலே வந்தவரும், ஆட்டக்களரியிலே பயின்றவரும், திண்டுக்கல் பெண்களும் ஒரே மேடையிலே, ஒரே தலைப்பின் கீழே, தமிழிலே அறிவிக்கப்பட்டு ஆடட்டும். அந்த அம்மாச்சி நடை முதல் மாலையிலே வரட்டும். மக்களுக்குப் புரியாது என்று சொல்பவரை எங்கள் ஒன்றியச் செயலாளரிடம் அனுப்புங்கள்.

அவர் சும்மாயிருக்கும் ஆளல்லர். ஊர் போனதும் எழுதினார்: அந்தப் பெண்ணைப் பொங்கலுக்குத் தம் ஊருக்கு அழைக்க வேண்டுமாம். நான் கேட்டுச் சொன்னேன். வர இசைவுதான், ஆனால் சிமெண்டுத் தரையிலே ஆடினால் முழங்கால் போய்விடும், அடியிலே சட்டமடித்துக் கொஞ்சம் துள்ளிக்கொடுக்கும் பலகைத் தளம் வேண்டும் என்றாள். ஊரிலே இருப்பதோ கருங்கல் தளம் பாவிய திருமண மண்டபம். சென்ற கிழமை அவரிடமிருந்து மறுபடி கடிதம். தச்சரிடம் விலை கேட்டுவிட்டாராம். முப்பதடிக்கு முப்பதடி போதுமா, நாட்டுத் தேக்கு வேண்டுமா, வேம்பு ஆகுமா என்று கேட்டு எழுதியிருக்கிறார். எனக்குத் தெரியவில்லை, அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறேன்.